செயற்கை மொழிகளை வகை பிரிப்பது எப்படி?

அரிமளம் கடைத்தெரு வழியாக, பள்ளி விட்டு இரண்டு மாணவிகள் பேசிக் கொண்டே போகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். "கநாகளைக்ககு கவீட்கடுக்ககு கவா" என்கிறாள் ஒருத்தி. மற்றவள் சிரித்துக் கொண்டே தலையாட்டுகிறாள். கூட வரும் தம்பிக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

உங்களுக்கு விளங்கியிருக்கும். "நாளைக்கு வீட்டுக்கு வா" என்பதுதான் செய்தி. க-பாஷையை அறியாத மாணவர் அரிது. ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு 'க' சேர்க்க வேண்டும்; புள்ளி வைத்த எழுத்து மட்டும் தனக்கு முந்திய எழுத்தோடு ஒட்டிக் கொள்ளும். விதி அவ்வளவுதான். பாரிஸ் நகர இளைஞர்களும் இப்படி ஒன்று வைத்திருக்கிறார்கள். சொல்லின் முன்பாதியைப் பின்னாலும் பின்பாதியை முன்னாலும் மாற்றிப் பேசுவார்கள். 'தலைகீழ்' என்று பொருள்படும் 'லான்வேர்' என்ற பிரெஞ்சுச் சொல்லையே புரட்டி, தங்கள் பேச்சுக்கு 'வெர்லான்' என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

இப்போது ஒரு கேள்வி. க-பாஷை ஒரு மொழியா? மொழி என்றால் எந்த வகை மொழி? உலகமெல்லாம் ஒரே மொழி பேச வேண்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெராந்தோவும், 'பாகுபலி' படத்தில் காலகேயர் பேசும் கிளிக்கியும், நம் மாணவிகளின் க-பாஷையும் ஒரே பெட்டியில் போட வேண்டியவையா?

இது வெறும் வேடிக்கைக் கேள்வி அல்ல. நூலகத்தில் புத்தகத்தின் முதுகில் ஓர் எண் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையில் 400 முதல் 499 வரை மொழிகளுக்கு உரியவை. தமிழின் எண் 494.811. மனிதர் திட்டமிட்டுச் செய்த மொழிகளுக்கு 499.99 கிடைத்தது. வரிசையின் கடைசி மூலை! 'இயற்கையாய் வளராதவை' என்ற ஒரே காரணத்துக்காக, ஒன்றுக்கொன்று ஒட்டும் உறவும் இல்லாத மொழிகள் அந்த மூலையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. மீன், நண்டு, திமிங்கலம் எல்லாவற்றையும் 'நீரில் கிடப்பவை' என்று ஒரே கூடையில் போட்ட மாதிரி.

நாமே ஒரு நல்ல பகுப்பு முறையைச் செய்து பார்ப்போமா?

வாசற்படியில் ஒரு சோதனை

முதலில், உள்ளே வர யாருக்கு உரிமை என்று தீர்மானிக்க வேண்டும். அதற்கு ஒரு வாக்கியத்தை எடுத்துக் கொள்வோம்: "நேற்று மழை பெய்யவில்லை, அதனால்தான் கண்மாய் நிறையவில்லை." சின்ன வாக்கியம்தான். ஆனால் இதில் இறந்த காலம் இருக்கிறது, மறுப்பு இருக்கிறது, காரணமும் விளைவும் இருக்கின்றன. இதைச் சொல்ல முடிந்தால் உள்ளே வரலாம்.

மாட்டுச் சந்தையில் தரகரும் வாங்குபவரும் கைகளைத் துண்டால் மூடிக் கொண்டு, விரல்களைப் பிடித்து விலை பேசுவது வழக்கம். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மிகக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் துண்டுக்கு அடியில் எண்களைத்தான் சொல்லலாம். கண்மாய் ஏன் நிறையவில்லை என்று சொல்ல முடியாது. எனவே இது மொழி ஆகாது; குறிமுறை.

தந்தியில் பயன்பட்ட மோர்ஸ் குறிகள்? நம் வாக்கியத்தை அவற்றால் அனுப்பிவிடலாம். ஆனால் போய்ச் சேர்வது தமிழ் வாக்கியமோ ஆங்கில வாக்கியமோதான். மோர்ஸ் வெறும் உடை. க-பாஷையும் அப்படியே. 'க'வையெல்லாம் கழற்றிவிட்டால் உள்ளே நிற்பது முழுத் தமிழ். ஆகவே க-பாஷை சோதனையில் தேறினாலும், கடன் வாங்கித் தேறியது என்பதைக் குறித்துக் கொள்வோம். அதைத் துரத்திவிட வேண்டாம், பின்னால் உதவும்.

மரம் போட்டால் என்ன?

வகை பிரிப்பது என்றதும் நமக்கு மரம்தான் நினைவுக்கு வரும். அடிமரம் ஒன்று, கிளை இரண்டு, சிறு கிளை நான்கு. விலங்கியலில் படிக்கிறோமே, அதுபோல.

செயற்கை மொழிகளுக்கும் இப்படிக் கிளை பிரித்திருக்கிறார்கள். 1903-இல் கூட்யுரா, லோ என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் உலகப் பொதுமொழி முயற்சிகளின் வரலாற்றைப் பெரிய நூலாக எழுதினார்கள். அதில் மூன்று கிளைகள்: சொற்களை முற்றிலும் புதிதாகப் புனைந்த மொழிகள், உள்ள மொழிகளிலிருந்து சொற்களை எடுத்துக் கொண்ட மொழிகள், இரண்டும் கலந்தவை. நேர்த்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் எஸ்பெராந்தோவை இந்த மரத்தில் ஏற்றிப் பாருங்கள்.

சாமென்ஹாஃப் என்ற கண் மருத்துவர் 1887-இல் வார்சாவில் எஸ்பெராந்தோவை வெளியிட்டார். அவர் பிறந்த பியாலிஸ்டோக் நகரில் போலந்து மொழி, ருஷ்யன், ஜெர்மன், யிட்டிஷ் என்று தெருவுக்கு ஒரு மொழி. மொழிக்கு ஒரு பகை. எல்லோருக்கும் பொதுவான, எளிதில் கற்கக் கூடிய ஒரு மொழி இருந்தால் என்ன என்று இளவயதிலேயே அவருக்குத் தோன்றிற்று. பதினாறு அடிப்படை விதிகளில் இலக்கணத்தை அடக்கினார். சொற்கள் ஐரோப்பிய மொழிகளிலிருந்து வந்தவை. ஆகவே எஸ்பெராந்தோ 'எடுத்துக் கொண்ட' கிளையில் உட்கார வேண்டும்.

ஆனால் அதன் சொல்லமைப்பைக் கவனியுங்கள். 'லெர்ன்' என்றால் கற்றல். அதோடு இடத்தைக் குறிக்கும் 'எய்' சேர்த்து, பெயர்ச்சொல்லுக்கு உரிய 'ஓ' சேர்த்தால் பள்ளி. அதன் பின் பன்மைக்கு 'ய்', அதற்கும் பின் செயப்படுபொருளுக்கு 'ன்'. நாம் என்ன செய்கிறோம்? பள்ளி + கள் + ஐ = பள்ளிகளை. முதலில் பன்மை, பிறகு வேற்றுமை. அதே வரிசை! ஒவ்வோர் உறுப்பும் தன் ஒரே வேலையைச் செய்து கொண்டு, மணிகளைக் கோத்தது போல் ஒட்டி நிற்கிறது. பிரெஞ்சிலோ ருஷ்யனிலோ இவ்வளவு சீரான ஒட்டுமுறை கிடையாது. சொல் ஐரோப்பாவினுடையது, கட்டுமானமோ தமிழுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. எந்தக் கிளையில் ஏற்றுவீர்கள்?

சரி, நோக்கத்தை வைத்துக் கிளை பிரிப்போம் என்றால் அதுவும் வழுக்குகிறது. கிளிங்கன் என்ற மொழி, 'ஸ்டார் ட்ரெக்' படங்களில் வேற்றுலகத்தார் பேசுவதற்காக மார்க் ஓக்ரண்ட் என்ற மொழியியலாளர் செய்தது. அதன் அகராதி 1985-இல் வந்தது. வேற்றுலகத்தார் மொழி மனித மொழிகளைப் போல் இருக்கக் கூடாது என்பதற்காக, உலகில் மிக அரிதான சொல்வரிசையை அவர் தேர்ந்தெடுத்தார். "மாம்பழம் தின்றேன் நான்" என்பது போன்ற வரிசை. படத்துக்குச் செய்த மொழி படத்தோடு நிற்கவில்லை. ரசிகர்கள் கற்றார்கள்; ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகம் 1996-இல் கிளிங்கனில் வெளிவந்தது. அமெரிக்காவில் ஒரு தந்தை தம் மகனோடு பிறந்தது முதல் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கிளிங்கனிலேயே பேசிப் பார்த்தார். வீட்டுச் சாமான்கள் பலவற்றுக்கு அதில் சொல்லே கிடையாது! பையனுக்கும் ஆர்வம் போய்விட, முயற்சி நின்றது. இப்படி நோக்கமே வழியில் மாறினால் மரம் என்ன செய்யும்?

மரத்தையே மொழியாக்கியவர்

இங்கே ஒரு விந்தை மனிதரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஜான் வில்கின்ஸ், லண்டன் ராயல் சொசைட்டியின் நிறுவனர்களில் ஒருவர். 1668-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். உலகில் உள்ள எல்லாப் பொருள்களையும் கருத்துகளையும் அவர் நாற்பது பேரினங்களாகப் பிரித்தார், அவற்றை உட்பிரிவுகளாக்கினார், ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் ஒலி கொடுத்தார். 'டெ' என்றால் பூதம். 'டெப்' என்றால் பூதங்களில் முதலாவதான நெருப்பு. 'டெபா' என்றால் நெருப்பின் ஒரு பகுதியான சுடர். சொல்லைக் கேட்டாலே பொருள் எந்தக் கிளையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அகராதியே வேண்டாம்.

எவ்வளவு அழகு! ஆனால் வில்கின்ஸ் திமிங்கலத்தை மீன்களோடு சேர்த்துவிட்டார். நூலகத்தில் தவறான அலமாரியில் வைத்த புத்தகத்தை எடுத்து வேறிடத்தில் வைத்துவிடலாம். வில்கின்ஸின் மொழியில் திமிங்கலம் பாலூட்டி என்று கண்டுபிடித்தால், அந்தச் சொல்லையே மாற்ற வேண்டும். பழைய புத்தகங்களை எல்லாம் திருத்த வேண்டும். அறிவு வளர வளர மொழி பொய்யாகிக் கொண்டே போகும். மரத்துக்கு உள்ள பலவீனம் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் வெளிப்பட்டதில்லை என்பேன்.

சீர்காழிக்காரரின் வழி

மரம் வேண்டாம் என்றால் வேறு வழி உண்டா? உண்டு. அது உங்கள் தமிழ் இலக்கணப் புத்தகத்திலேயே இருக்கிறது.

'கமலம்' என்பது என்ன சொல்? பெயர்ச்சொல். வேறு விதமாகக் கேட்டால், வடசொல். இரண்டு விடையும் சரி. பெயர், வினை, இடை, உரி என்பது ஒரு வரிசைக் கேள்விக்கு விடை. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்பது வேறொரு கேள்விக்கு விடை. ஒன்றின் கீழ் மற்றொன்றை நம் இலக்கண ஆசிரியர்கள் அடைக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

இந்த உத்தியை நூலகத்துக்கு முழுமையான முறையாக ஆக்கியவர் எஸ். ஆர். ரங்கநாதன். 1892-இல் சீர்காழியில் பிறந்தவர், கணித ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் சென்றபோது, ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். துளையிட்ட சிறு தகடுகள், திருகுகள், சக்கரங்கள். அதே துண்டுகளை ஒரு விதமாகப் பூட்டினால் வண்டி, வேறு விதமாகப் பூட்டினால் பாரந்தூக்கி. புத்தகங்களுக்கும் இப்படிச் செய்தால் என்ன? எல்லாப் பொருள்களுக்கும் முன்கூட்டியே எண் கொடுத்து வைப்பதற்குப் பதிலாக, சின்னச் சின்ன உறுப்புகளுக்கு மட்டும் எண் கொடுத்து, தேவைப்படும்போது முக்காற்புள்ளியால் இணைத்துக் கொள்ளலாமே! 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறைக்குப் பெயர் தந்ததே அந்த முக்காற்புள்ளிதான். 'கோலன்' என்பது அதன் ஆங்கிலப் பெயர்.

வைரத்துக்குப் பல பட்டைகள் இருப்பது போல ஒரு பொருளுக்கும் பல முகங்கள் உண்டு. ஒவ்வொரு முகத்தையும் தனியே கேட்டறிய வேண்டும். நம் மொழிகளுக்கும் இதையே செய்வோம். நான்கு கேள்விகள் போதும்.

முதல் கேள்வி, சொல் எங்கிருந்து வந்தது? உள்ள மொழியின் சொல்லே என்றால் 0. எடுத்துத் திருத்தியது என்றால் 1. பாதிக்குப் பாதி என்றால் 2. முற்றிலும் புதிது என்றால் 3. இரண்டாவது, இலக்கணம். முழுதும் கடன் என்றால் 0, கொஞ்சம் சொந்தம் 1, முழுதும் சொந்தம் 2. மூன்றாவது, எதற்காகச் செய்தது? மறைக்க என்றால் 'ம', பலரோடும் பேச என்றால் 'பே', கலைக்காக என்றால் 'க', ஆராய்ச்சிக்காக என்றால் 'ஆ'. நான்காவது, எப்படி வாழ்கிறது? ஏட்டோடு நின்றால் 0. ஒரு கூட்டம் பழகினால் 1. குழந்தைகள் தொட்டிலிலேயே கற்றால் 2.

எஸ்பெராந்தோவின் முகவரி 1:2:பே:2. ஆம், கடைசி எண் இரண்டுதான். இம்மொழியால் அறிமுகமாகி மணந்து கொண்ட பெற்றோரின் பிள்ளைகள், வீட்டில் இதைக் கேட்டே வளர்ந்திருக்கிறார்கள். கிளிங்கன் 3:2:க:1. க-பாஷை 0:0:ம:1. வில்கின்ஸின் மொழி 3:2:பே:0. அவர் மொழியை ஆராய்ச்சி என்றும் சொல்லலாம், அப்போது 'பேஆ' என்று இரண்டெழுத்தும் போடுங்கள்.

சிலவற்றுக்கு ஆண்டும் சேர்க்க வேண்டியிருக்கும். எஸ்பெராந்தோவுக்குச் சில ஆண்டுகள் முன்பு ஷ்லையர் என்ற ஜெர்மானியப் பாதிரியார் செய்த வொலாபுக் மொழிக்கு ஒரு காலத்தில் ஐரோப்பாவெங்கும் சங்கங்கள் இருந்தன. 1889-இல் பாரிஸில் மாநாடே நடந்தது. பின்பு சில ஆண்டுகளிலேயே சரிந்துவிட்டது. 1889 என்று சேர்த்து எழுதினால்தான் அதன் கடைசி எண்ணுக்குப் பொருள் இருக்கும். காலமும் ஒரு முகமே என்று ரங்கநாதன் சொன்னது எவ்வளவு சரி!

பொன்னைப் 'பறி' என்றால்

முறை சரியாக இருக்கிறதா என்று அறிய, அது உடையும் இடத்தைத் தேட வேண்டும். தகுதி வழக்கில் குழூஉக்குறி படித்திருக்கிறீர்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள். நம் முதல் கேள்வியை இங்கே கேளுங்கள். சொல் எங்கிருந்து வந்தது? 'பறி' பழைய தமிழ்ச் சொல்தான். அப்படியானால் 0. ஆனால் பொருள் முற்றிலும் புதிது. அப்படியானால் 3. இரண்டு விடையும் சரி என்றால், கேள்வியில் கோளாறு. நாம் ஒன்று என்று நினைத்தது உண்மையில் இரண்டு: சொல்லின் ஒலி எங்கிருந்து வந்தது? சொல்லின் பொருள் எங்கிருந்து வந்தது? ஆக, கேள்வி ஐந்தாகிறது. மரமாக இருந்தால் அடியிலிருந்து வெட்டி மறுபடி நட வேண்டும். இங்கே ஒரு முக்காற்புள்ளி கூடுகிறது, அவ்வளவே.

தவறான பெட்டியில் போடப்பட்டவர்கள்

இதில் பிழை செய்தால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். காது கேளாதோரின் சைகை மொழிகளைப் பாருங்கள்.

அவை மொழிகளே அல்ல, யாரோ வசதிக்காக ஏற்படுத்திய கையசைப்புகள் என்றே நெடுங்காலம் கருதினார்கள். அதாவது துண்டுக்கு அடியில் விரல் பிடிக்கும் பெட்டியில் போட்டார்கள். 1880-இல் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, பள்ளிகளில் வாய்ப்பேச்சு முறையே வேண்டும், சைகை வேண்டாம் என்று தீர்மானித்தது. அதன் பின் பல நாடுகளில் பல தலைமுறைக் குழந்தைகள் வகுப்பறையில் கைகளை அடக்கிக் கொண்டு உட்கார வேண்டியிருந்தது. 1960-இல்தான் வில்லியம் ஸ்டோக்கி என்ற அமெரிக்க ஆசிரியர், ஒவ்வொரு சைகையும் கையின் வடிவம், இருக்குமிடம், அசைவு என்ற உறுப்புகளால் ஆனது என்று காட்டினார். எழுத்துகளால் சொல் ஆவது போல.

நம் கேள்விகளைக் கேட்டிருந்தால் உண்மை உடனே தெரிந்திருக்கும். இந்தியச் சைகை மொழியில் நம் கண்மாய் வாக்கியத்தைச் சொல்ல முடியும். இலக்கணம் கடனா? "நீ எங்கே போகிறாய்?" என்பதில் தமிழுக்கு வினாச்சொல் நடுவில், ஆங்கிலத்துக்கு முதலில், இந்தியச் சைகை மொழியில் அது கடைசியில் வரும். ஆகவே இலக்கணம் சொந்தம். உருவாக்கியவர் யார்? ஒருவரும் இல்லை. நிகராகுவா நாட்டில் 1970-களின் இறுதியில் காது கேளாத குழந்தைகளுக்காகப் பள்ளி திறந்தபோது, வீட்டுச் சைகைகளோடு வந்து சேர்ந்த பிள்ளைகள் தங்களுக்குள் பேசிப் பேசியே ஒரு மொழியை வளர்த்துவிட்டார்கள். பின்னால் வந்த சின்னக் குழந்தைகள் அதற்கு இன்னும் செறிவான இலக்கணம் கொடுத்தார்கள். ஆசிரியர் யாரும் கற்றுத் தரவில்லை. இம்மொழிகள் நம் அலமாரிக்கே உரியவை அல்ல. தமிழும் ஆங்கிலமும் இருக்கும் அலமாரிக்கு உரியவை.

ஆனால் ஆங்கில வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் கையால் காட்டுவதற்காகக் கல்வியாளர்கள் ஏற்படுத்திய முறைகளும் இருக்கின்றன. அவற்றுக்கு இலக்கணம் 0. பார்வைக்கு இரண்டும் கையசைப்புத்தான்; முகவரி வேறு. இந்தியாவில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்குமான மத்திய அரசு மையம் 2015-இல்தான் தோன்றிற்று.

இனி உங்கள் முறை. கிளிக்கியை எடுத்துக் கொள்ளுங்கள். கவிஞர் மதன் கார்க்கி செய்த மொழி; 'பாகுபலி' முதல் பாகம் 2015-இல் வந்தது. அதில் 'மின்' என்றால் நான், அதைத் திருப்பி 'நிம்' என்றால் நீ. இந்தத் திருப்பும் தந்திரத்தை இவருக்கு முன்பே பிரான்சில் சுத்ர் என்ற இசையாசிரியர் கையாண்டார். ஏழு ஸ்வரங்களை மட்டுமே கொண்டு அவர் செய்த 'சோல்ரெசோல்' மொழியில் 'மி-சோல்' என்றால் நல்லது, 'சோல்-மி' என்றால் கெட்டது. நம் கணக்கில் க-ப, ப-க. வீணையிலேயே பேசலாம்! திரைப்படத்துக்குப் பின் 2020-இல் கிளிக்கிக்கு எழுத்துகளும் இணையத்தளமும் வந்தன. அப்படியானால் மூன்றாம் முகத்தில் எந்த எழுத்தைப் போடுவீர்கள்? நான்காவதில்?

கணிப்பொறிக்கு ஆணையிடும் 'பைத்தான்' போன்ற மொழிகளையும் சோதித்துப் பாருங்கள். உலக மொழிகளுக்குக் குறியீடு தரும் ஐ.எஸ்.ஓ. 639 பட்டியலில் எஸ்பெராந்தோவுக்கும் கிளிங்கனுக்கும் இடம் கிடைத்தது. கணிப்பொறி மொழிகளுக்கு இடமில்லை. மனிதர் மனிதரோடு பேசுவதற்காகச் செய்ததாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. நம் வாசற்படிச் சோதனை அவற்றை என்ன செய்கிறது? நேற்று மழை பெய்யாததையும் கண்மாய் நிறையாததையும் அவற்றில் எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.